ஒரு பல் இறக்கம்

ப்ளைனாய் ஃபெஸ்டினியாக்கில்
மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வார்கள்.
இன்று நின்றது, பதினோரு நிமிடம்.
அதற்குள் மாரிஸ் மைனரின் மூக்கை
ஜாக்கியில் ஏற்றிவிட்டேன்.

அறுபத்தொன்றாம் வருடத்து வண்டி.
சாம்பல் கலந்த பச்சை.
என்னைவிட எட்டு வயது மூப்பு.
யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி
எந்நேரமும் முகத்தைத் தூக்கியே நிற்கும்.
எனக்குப் பிடிக்கவில்லை, இறக்குகிறேன்.
காரணம் எழுதிக் கொடுக்க
நான் என்ன வங்கிக் கடனா கேட்கிறேன்?

இதற்கு முன்பக்கம் சுருள் கிடையாது.
அடிவயிற்றில் நீளவாக்கில் இரண்டு இரும்புத் தண்டுகள்.
முறுக்கேறி,
அந்த முறுக்கிலேயே வண்டியைத் தாங்குகின்றன.
முறுக்கிக்கொண்டு நிற்பதும் ஒரு வேலைதான் போல
என்று நினைத்தேன்.
இத்வால் ஞாபகம் வந்தான்.

தம்பி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறான்.
அம்மா வீட்டை விற்ற பணத்தில்
கூரையைச் செப்பனிட்டது யார் காசு என்ற கணக்கில்
நாலு வருடமாகப் பேச்சில்லை.

ஆனால் தண்டின் முறுக்கைத்
தனியாளாய் அவிழ்க்க முடியாது.
ஒருவர் நட்டைப் பிடிக்க
ஒருவர் ஜாக்கியை இறக்க வேண்டும்,
மயிரிழை மயிரிழையாய்.
அவசரப்பட்டால் மணிக்கட்டு போகும்.

"உன் பெரிய ஜாக்கி வேணும்"
என்று மட்டும் செய்தி அனுப்பினேன்.
ஜாக்கி வந்தது.
அதைத் தள்ளிக்கொண்டு அவனும்.

எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் இல்லை.
டேப்பை நீட்டினான்.
தரையிலிருந்து சக்கர வளைவு வரை.
"இருபத்து நாலே கால்," என்றேன் இடப்பக்கம்.
"இருபத்து நாலே கால்," என்றான் வலப்பக்கம்.
அப்புறம் நெடுநேரம்
ஸ்பேனர் மட்டும் பேசிற்று.

ஜாக்கி இறங்க இறங்கத் தண்டு தளர்ந்தது.
அறுபது வருட இறுக்கம்,
விடும்போது கத்தும் என்று பயந்திருந்தேன்.
ஒரு முனகல்.
பக்கத்து வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இடது தண்டுக்குச் சாக்பீஸில் ஒரு கோடு, வலதுக்கு இரண்டு.
"மாத்திப் போட்டா ஒடிஞ்சிடும்.
ஒரே பக்கமா முறுக்கிப் பழகின இரும்பு,"
தரையைப் பார்த்துச் சொன்னான்.
எதைச் சொல்கிறான் என்று
நான் கேட்கவில்லை.

நுனியைச் சுற்றிலும் பற்கள்.
குறியிலிருந்து ஒன்று,
ஒன்றே ஒன்று தள்ளி
மறுபடி செருகினோம்.

சக்கரம் மாட்டி இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி,
மூச்சைப் பிடித்து அளந்தோம்.
"இருபத்திரண்டே முக்கால்."
"இருபத்து மூணு."
வலப்பக்கம் கால் அங்குலம் தூக்கல்.
இன்னொரு முறை எல்லாம் கழற்ற வேண்டுமா?
ஸ்பேனரைக் கொட்டகைச் சுவரில் எறியப் போனேன்.

"ஏறி உட்காரு."

ஸ்டியரிங் வலப்பக்கம்.
உட்கார்ந்தேன்.
வண்டி என் பக்கம் லேசாக அமுங்கியது.
வெளியே டேப் சரசரத்தது.
"இருபத்திரண்டே முக்கால்," என்றான்.
"ஓட்டுறவ எடையையும் சேர்த்துத்தான் கணக்கு."
நான் சிரித்தேனா இருமினேனா,
கண்ணாடி ஏற்றியிருந்தது,
அவனுக்குக் கேட்டிருக்காது.

விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
எதிர்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்த வெளிச்சம்
இப்போது முன்னால் பத்தடியில்
ஈர ரோட்டில் விழுந்தது.
அதையும் திருப்பி வைக்க வேண்டும்.
சக்கரக் கோணமும் பார்க்க வேண்டும்.
ஒன்றை இறக்கினால் நாலு வேலை.

மழை வந்துவிட்டது.
அவன் தேநீர் கேட்கவில்லை, நான் போட்டேன்.
இரண்டரைக் கரண்டிச் சர்க்கரை.
இந்தக் கணக்கு மறக்கவில்லை.

"அம்பது மைல் ஓடட்டும்," என்றான்,
கோப்பையை மட்கார்டின் மேல் வைத்து.
"இன்னும் கொஞ்சம் இறங்கும்.
அப்புறம் ஒரு தடவை அளந்து பார்க்கணும்."
ஜாக்கியை விட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் ஒரு வேலையும் இல்லாமல்
பாலா வரை போய்த் திரும்பினேன்.
நாற்பதை ஒட்டித்தான் வந்தது.
மிச்சத்துக்கு
அவன் தெரு, என் தெரு, அவன் தெரு என்று
சுற்றிக்கொண்டிருந்தேன்.